மாத்திரை வேலை செய்ய மூன்று வாரம் ஏன்?

"ஐயா, ஒரு வாரமா மாத்திரை முழுங்குறேன். தூக்கமும் வரல, மனசும் தேறல. வயித்தைக் குமட்டுறதுதான் மிச்சம். இது எனக்கு ஒத்துக்காது போலிருக்கு, நிறுத்திடட்டுமா?"

தோட்டத்து மருந்தகத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு பால் வெட்டும் அம்மாளும் கேட்கிறார், செம்பனைக் குலை அறுக்கும் தம்பியும் கேட்கிறார். இப்படி வந்து கேட்கிறவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கேட்காமலே ஐந்தாம் நாள் மாத்திரையைத் தூக்கிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்களே, அவர்களைப் பற்றித்தான் கவலை. அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் சேர்த்தே இந்த மாதம் இந்தப் பகுதியை எழுதுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் வியாதியைப் பற்றி இரண்டு வார்த்தை. மனச்சோர்வு என்பது சோம்பேறித்தனமும் அல்ல, செய்வினையும் அல்ல. இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல் போவது, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்புக் கொடுத்துவிட்டு மறுபடி தூக்கம் வராமல் இருப்பது, சோறு இறங்காதது, பெற்ற பிள்ளையைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாதது, "நான் இருந்து என்ன பயன்" என்ற நினைப்பு, இவையெல்லாம் அதன் அடையாளம். நம் ஜனங்கள் "மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவது குறைவு. தலைவலி, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் வலி என்றுதான் வருவார்கள். ரத்தசோகை, தைராய்டு, நீரிழிவு போன்றவையும் ஆளை இப்படி அடித்துப் போடும் என்பதால் டாக்டர் முதலில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார். அதெல்லாம் இல்லையென்று ஆன பிறகே இந்த மாத்திரைப் பேச்சு வருகிறது. ஃபுளுவாக்செட்டின், செர்ட்ரலின், எஸ்சிட்டாலோபிராம் என்று உறையில் எழுதியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

சரி, மூன்று வாரம் ஏன்? இதற்கு விடை தேடிப் போனால், எந்த மருந்துக் கடையிலும் விற்காத, எந்த நோயாளியும் விழுங்காத ஒரு செயற்கை ரசாயனத்தினிடம் போய் நிற்கிறோம். அதன் கதை சுவையான கதை.

குடலில் பிறந்து மூளைக்குப் போன சரக்கு

செரட்டோனின் என்பது நம் உடம்பே தயாரிக்கும் ஒரு பொருள். அதில் சுமார் 90 சதவிகிதம் இருப்பது மூளையில் அல்ல, குடலில். 1930-களில் இத்தாலியில் எர்ஸ்பாமர் என்பவர் அதைக் குடலில்தான் முதலில் கண்டார். 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ராப்போர்ட் என்பவரும் கூட்டாளிகளும் ரத்த நீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்துச் செரட்டோனின் என்று பெயர் வைத்தார்கள். ரத்தக் குழாயை இறுக்குகிற சரக்கு என்றுதான் அப்போது நினைத்தார்கள். 1953-இல் பெட்டி ட்வாராக் என்ற பெண் விஞ்ஞானி பேஜ் என்பவரோடு சேர்ந்து, இதே பொருள் மூளையிலும் இருக்கிறது என்று காட்டினார். மாத்திரை தொடங்கிய முதல் வாரத்தில் வயிறு குமட்டுகிறதே, ஏன் என்று இப்போது தெரிகிறதல்லவா? மாத்திரைக்கு மூளை எது, குடல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பெரும்பாலோருக்கு அந்தக் குமட்டல் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். சாப்பாட்டுக்குப் பின் விழுங்கினால் இன்னும் குறையும்.

இந்தக் கதையில் நம் ஊர் மூலிகை ஒன்றுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தா வேரை இந்தியாவில் வெகுகாலமாகப் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் கொடுத்து வந்தார்கள். 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், அது ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று பிரிட்டிஷ் இதய மருத்துவ ஏடு ஒன்றில் எழுதினார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற சத்தைப் பிரித்தது. கொதிப்புக்கு அதைச் சாப்பிட்டவர்களில் சிலர் மனம் சோர்ந்து போனார்கள். 1955-இல் அமெரிக்காவில் பிராடி என்பவரின் கூடத்தில், ரெசர்ப்பின் உடம்பில் சேமித்து வைத்திருக்கும் செரட்டோனினைக் கரைத்து வெளியேற்றுகிறது என்று கண்டார்கள். மனத்துக்கும் செரட்டோனினுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்ற எண்ணம் அப்படித்தான் வலுத்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். "உன் மூளையிலே செரட்டோனின் கம்மி, அதை ஊத்தி நிரப்புறோம்" என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். விஷயம் அத்தனை சுலபமில்லை. மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் செரட்டோனின் குறைந்திருக்கிறது என்று யாரும் இதுவரை உறுதியாக நிரூபிக்கவில்லை. ரத்தத்தில் பார்த்துச் சொல்லும் பரிசோதனையும் இல்லை. ஆனால் மாத்திரை பலருக்குக் கேட்கிறது, அதுவும் நோய் கடுமையாக இருப்பவர்களுக்கு நன்றாகவே கேட்கிறது. காய்ச்சலுக்குப் பனடால் கேட்கிறது என்பதால் உடம்பிலே பனடால் தீர்ந்துபோனது என்றா சொல்வோம்?

ஒரு சரக்கு, பதினான்கு பூட்டு

செரட்டோனின் ஒரு சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவி திறக்கும் பூட்டுகள் நரம்பு உயிரணுக்களின் மேல்தோலில் பதிந்திருக்கின்றன. ஏற்பிகள் என்று அவற்றைச் சொல்வார்கள். மனித உடம்பில் செரட்டோனினுக்கு மட்டும் சுமார் பதினான்கு வகைப் பூட்டு இருக்கிறது. ஒன்று பசியைப் பார்க்கிறது, ஒன்று வாந்தியை, ஒன்று தூக்கத்தை. ஒரே சாவி எல்லாப் பூட்டையும் திறந்தால், எந்தப் பூட்டு என்ன வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லயத்தில் எல்லா வீட்டுக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரியுமா?

அதற்கு ஒரே ஒரு பூட்டை மட்டும் திறக்கும் போலிச் சாவி ஒன்று வேண்டும். அதுதான் நான் சொல்ல வந்த செயற்கை ரசாயனம். அதன் பெயர் 8-ஓ.எச்.-டி.பி.ஏ.டி. வாய்க்கு வராத பெயர்தான். டிபாட் என்று சுருக்கிக்கொள்வோம். 1981-இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் அதைப் பற்றி முதலில் எழுதினார்கள். அவர்கள் செய்துகொண்டிருந்தது டோப்பமின் என்ற வேறொரு பொருளைப் பற்றிய ஆராய்ச்சி. அந்த வகை ரசாயனங்களில் ஒன்றை இடம் மாற்றி அமைத்துப் பார்த்தபோது, அது டோப்பமினை விட்டுவிட்டுச் செரட்டோனின் பூட்டில் போய் உட்கார்ந்தது. அந்தக் குழுவில் இருந்த ஆர்விட் கார்ல்சன் பின்னாளில், 2000-ஆம் ஆண்டில், டோப்பமின் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றார்.

டிபாட் திறந்த பூட்டுக்கு ஒன்று-ஏ என்று பெயர். இந்த ரசாயனத்தை எலிக்குக் கொடுத்தால் அதன் உடம்புச் சூடு இறங்குகிறது. வயிறு நிறைந்த எலிகூட மறுபடி தின்னத் தொடங்குகிறது. 1983-இல் பாரிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் டிபாட்டில் கதிரியக்கமுள்ள ஹைட்ரஜனைச் சேர்த்தார்கள். இப்படிச் செய்தால் அந்தப் போலிச் சாவி எங்கே போய்ச் சிக்கியிருக்கிறது என்று கருவி வைத்து எண்ணிவிடலாம். ஆட்டைத் தொலைத்தவன் கழுத்து மணியை வைத்துத் தேடுவது போல. 1990-களில் இதே டிபாட், ஏழு என்ற வேறொரு பூட்டிலும் கொஞ்சம் திரும்புகிறது என்று தெரிய வந்தது. போலிச் சாவிதானே, முழு ஒழுக்கத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் ஆராய்ச்சிக் கூடங்களில் அதன் மதிப்பு குறையவில்லை.

நம்மவர்கள் கைக்கும் அது வந்தது. ஹைதராபாத்தில் 1977-இல் தொடங்கப்பட்ட உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் என்ற அரசாங்க ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே அமிதாப சட்டோபாத்யாய என்பவரின் குழு வெகு வருஷம் இந்த ஒன்று-ஏ பூட்டை ஆராய்ந்தது. அவர்களுக்கு வேண்டிய மூளை எங்கிருந்து வந்தது தெரியுமா? பக்கத்திலிருந்த மாடு அறுக்கும் கூடத்திலிருந்து. அறுத்த பத்து நிமிஷத்துக்குள் மூளையை வாங்கி, அதில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை மட்டும் வெட்டியெடுப்பார்கள். ஞாபகத்துக்கும் மனநிலைக்கும் சம்பந்தப்பட்ட பகுதி அது. அதிலிருந்து உயிரணுத் தோலைப் பிரித்து, கதிரியக்க டிபாட்டோடு கலந்து, வடிகட்டி, எத்தனை சாவி சிக்கியது என்று எண்ணுவார்கள். 2004-இல் புகடியில் என்ற மாணவரும் அவரும் எழுதிய கட்டுரை ஒன்றில், அந்தத் தோலிலிருந்து கொலஸ்டரோலை உறிஞ்சி எடுத்துவிட்டால் டிபாட் பூட்டில் பிடிப்பது குறைகிறது, திரும்பக் கொலஸ்டரோலைச் சேர்த்தால் பிடிப்பும் திரும்புகிறது என்று காட்டினார்கள். பூட்டு நன்றாக இருந்து பயனில்லை, அது பதிந்திருக்கும் பலகையும் நன்றாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். 2021-இல் வேறொரு குழு இந்தப் பூட்டின் வடிவத்தையே நுட்பமான கருவியில் படம் பிடித்தபோது, அதைச் சுற்றிக் கொலஸ்டரோல் ஒட்டியிருப்பது தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் நெய்யை ஊற்றிச் சாப்பிடக் கிளம்ப வேண்டாம். கொழுப்பு மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். மூளை தனக்கு வேண்டிய கொலஸ்டரோலைத் தானே செய்துகொள்கிறது. நாம் தின்னும் ஆட்டுக்கறிக் கொழுப்பு அங்கே போய்ச் சேருவதில்லை, இதயக் குழாயைத்தான் அடைக்கும்.

டாங்கியில் மிதக்கும் பந்து

இனி நம் கேள்விக்கு வருவோம். லயத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் டாங்கியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே ஒரு பந்து மிதக்கும். தண்ணீர் ஏற ஏறப் பந்தும் ஏறும், ஏறி உள்ளே வரும் குழாயை மூடிவிடும். செரட்டோனினை அனுப்பும் நரம்பு உயிரணுக்கள் மூளையின் அடித்தண்டில் கூட்டமாக இருக்கின்றன. அந்த உயிரணுக்களின் மேலேயே ஒன்று-ஏ பூட்டு இருக்கிறது. அங்கே அதற்கு மிதக்கும் பந்தின் வேலை. தன்னைச் சுற்றிச் செரட்டோனின் அதிகமானால் உயிரணு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டிபாட்டைக் கொடுத்தபோது அந்த உயிரணுக்கள் அடங்கிப் போனதைப் பார்த்துத்தான் இந்தத் தடை இருப்பது நன்றாக விளங்கியது.

நீங்கள் விழுங்கும் மாத்திரை, வெளியே விட்ட செரட்டோனினை உயிரணு திரும்ப இழுத்துக்கொள்ளாமல் தடுக்கிறது. அது முதல் நாளே நடந்துவிடும். ஆனால் செரட்டோனின் ஏறியதும் பந்து மேலே போய்க் குழாயை மூடுகிறது. ஒரு கை திறக்கிறது, மறு கை அடைக்கிறது. ஆகவே முதல் வாரத்தில் கணக்குக்குக் கணக்கு சரியாகிவிடுகிறது, உங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. நாள்தோறும் மாத்திரை போய்க்கொண்டே இருந்தால் பந்துக்குச் சலித்துப் போகிறது, தண்ணீர் ஏறினாலும் அது ஏறுவதில்லை. அப்போதுதான் குழாய் உண்மையில் திறக்கிறது. 1983-இல் கனடாவின் மொன்றியலில் பிளியே, தெ மோந்திஞி என்ற இருவர் எலிகளுக்கு இந்த வகை மருந்தைக் கொடுத்து உயிரணுக்களின் துடிப்பை எண்ணினார்கள். இரண்டு நாளில் துடிப்பு குறைந்திருந்தது. ஏழு நாளில் பாதி தேறியது. பதினான்கு நாளில் பழையபடி ஆனது. நம் நோயாளிகள் சொல்லும் நாள் கணக்கோடு இது எவ்வளவு ஒத்துப்போகிறது பாருங்கள்.

இதுதான் முழுக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மூளையில் புதிய இணைப்புகள் உண்டாக நாள் பிடிக்கிறது என்பது போன்ற வேறு காரணங்களையும் விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். பந்தை உடனே அழுத்திப் பிடிக்க 1990-களில் பிண்டலால் என்ற மருந்தைக் கூடவே கொடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் ஒன்றுபோல் வரவில்லை. ஆக, பொறுத்திருப்பதைத் தவிர இன்றைக்கும் பெரிய குறுக்கு வழி கிடையாது.

பொறுக்க வேண்டிய நாட்களில்

இரண்டு வாரத்தில் கொஞ்சம் தூக்கம், கொஞ்சம் பசி என்று தொடங்கும். முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குப் பிறகும் தேறாவிட்டால் டாக்டர் அளவைக் கூட்டுவார், அல்லது மருந்தை மாற்றுவார். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும், நிறுத்தும்போதும் டாக்டர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரும்.

"இது போதை மாத்திரையாமே, பழகிடுமாமே" என்று பக்கத்து வீட்டம்மா சொல்வார். இது போதை தருவதில்லை, இன்னும் இன்னும் என்று ஆசையைத் தூண்டுவதும் இல்லை. ஆனால் கள்ளும் சம்சுவும் இதோடு சேரக் கூடாது. வலிக்குத் தரும் டிராமடால், சில இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், இவற்றோடு சேர்ந்தாலும் ஆபத்து. உடம்பு நடுக்கம், வேர்த்துக் கொட்டுவது, தசை துடிப்பது, காய்ச்சல், நிலைகொள்ளாமல் அலைவது என்று ஏதாவது கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்துக் கடையில் எதை வாங்கினாலும் "நான் இந்த மாத்திரை சாப்பிடுறேன்" என்று உறையைக் காட்டுங்கள். உங்கள் மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருந்தால் லோரி ஓட்டுவது, நீளக் கம்பு அரிவாள் பிடிப்பது போன்ற வேலையை மண்டோரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

வேலை நாள் போய்விடும் என்று சிகிச்சைக்கு வராதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு வருஷத்துக்குக் குறைந்த வேலைக்காலத்துக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் என்றால் 22 நாள். மனச்சோர்வும் நோய்தான், டாக்டர் கொடுக்கும் எம்.சி.யும் எம்.சி.தான். மறுத்தால் கிளைச் செயலாளரிடம் வாருங்கள். அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் நம் நாட்டுப் பிரஜைகளுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். கடுமையான கேஸ் என்றால் அங்கிருந்தே மனநல நிபுணரிடம் அனுப்புவார்கள். தம்போயில் 1937-இல் திறந்த பழைய மனநோய் ஆஸ்பத்திரிதான் இன்றைக்குப் பெர்மாய் ஆஸ்பத்திரி. "தம்போய்க்கு அனுப்பிடுவாங்க" என்று சிறுபிள்ளைகளைப் பயமுறுத்தியே நாம் ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டோம். அங்கே போகிறவர்களில் எத்தனையோ பேர் வெளிநோயாளியாகப் போய் மருந்து வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள். கோயிலுக்குப் போவதையும் பூசாரியிடம் திருநீறு வாங்குவதையும் நான் தடுக்கவில்லை. திருநீறும் பூசுங்கள், மாத்திரையும் விழுங்குங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. முதல் சில வாரம்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம். மனம் தேறுவதற்கு முன்னாலேயே உடம்புக்குத் தெம்பு வந்துவிடலாம். இருபத்தைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்த நாட்களில் சாகும் எண்ணம் கூடலாம் என்று மருந்துக் கம்பெனிகளே எச்சரிக்கை அச்சிடுகின்றன. ஆகவே ஆளைத் தனியாக விடாதீர்கள். மாத்திரையை மொத்தமாக அவர் கையில் கொடுக்காமல், அன்றன்றைக்கு எடுத்துக் கொடுங்கள். புல் மருந்து, பூச்சி மருந்து எதுவும் லயத்து வீட்டுக்குள் இருக்கக் கூடாது. பாராகுவாட் மருந்தை 2002-இல் தடை செய்தார்கள், 2006-இல் திரும்ப அனுமதித்தார்கள், 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முற்றிலும் தடை. என்றாலும் பழைய போத்தல் எங்காவது கொல்லையில் கிடந்தால் அதை ஸ்டோரில் ஒப்படைத்துவிடுங்கள். மற்ற மருந்துகளும் ஸ்டோரில் பூட்டுக்குள்தான் இருக்க வேண்டும். மருந்து அடிப்பவர்கள் மிச்சத்தைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும்.

"சாகணும் போல இருக்கா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டால் மனசு இறங்குகிறது. ஆம் என்று சொன்னால் பக்கத்திலேயே இருந்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள். யாராவது எதையாவது குடித்துவிட்டால் என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், போத்தலையும் கூடவே கொண்டு வாருங்கள். முன்பு தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவருக்கு ஒரு வருஷம் வரை சிறை என்று சொல்லியது. போலீசுக்குப் பயந்து உண்மையை மறைத்து நேரத்தை இழந்த குடும்பங்கள் எத்தனையோ. 2023-இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. இப்போது அது குற்றமில்லை.

தோட்டத்து மருந்தகம் பூட்டியிருக்கும் நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555, கோலாலம்பூர் பிஃப்ரண்டர்ஸ் 03-7627 2929. உயிருக்கு ஆபத்து என்றால் 999. இந்த மூன்று எண்களையும் வெட்டியெடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள்.